கம்ப்யூட்டர் அவனுடையது, அதில் தெரிவது யாருடையது?



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் புது லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். மலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருகிறான். "சார், இதுல ரீகால்னு ஒண்ணு இருக்கு. நாம பார்த்ததையெல்லாம் அதுவே படம் புடிச்சு வச்சுக்கும். போன மாசம் பார்த்ததைக் கேட்டாலும் தேடிக் குடுக்கும். ஆன் பண்ணிட்டேன் சார்" என்றான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்த வசதி இது. சில விநாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் எடுத்துச் சேமிக்கும். அந்தச் சேமிப்பை யாரும் சுலபமாகப் படித்துவிடலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டியதும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நிறுவனம் தள்ளிப்போட்டது, பூட்டுப் போட்டது, 2025 ஏப்ரலில் வெளியிட்டது. இப்போது நாமாக ஆன் செய்தால்தான் ஓடும், படங்கள் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், கார்டு எண் மாதிரி விவரங்களை வடிகட்டும் என்கிறார்கள். அந்த வடிகட்டி சிலவற்றைக் கோட்டை விட்டதையும் சோதித்தவர்கள் காட்டினார்கள்.

சரி, அவர்கள் சொல்வது எல்லாமே உண்மை என்று வைத்துக்கொள்வோம். என் கேள்வி வேறு. ஆன் செய்தது யார்?

அமெரிக்காவில் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். எங்கள் புதூர்நாட்டில் ஊருக்கு ஒன்று. சாதிச் சான்றிதழ், பட்டா, விதவை ஓய்வூதியம், கல்லூரி விண்ணப்பம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், எல்லாம் அந்த ஒரே திரையில்தான். அனுமதி கொடுத்தது கடைக்காரப் பையன். பதிவாவது ஊர் ஜனம் முழுதும். கேழ்வரகு அரைக்க மில்லுக்குப் போனால் நம் மாவை நாம் வாங்கிக்கொண்டு வருகிறோம். இங்கே மாவு கைக்கு வந்துவிடும், தானியம் அங்கேயே தங்கிவிடும்.

பிறரைக் குறை சொல்லும் முன் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் ஏற்ற வேண்டிய வேலை வந்தபோது மலையில் சிக்னல் கிடையாது. எல்லாப் பிள்ளைகளின் ஆதாரையும் அப்பா போன் நம்பரையும் ஒரு பென்டிரைவில் போட்டுத் திருப்பத்தூருக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு சென்டரில் கொடுத்து ஏற்றிவிட்டு வந்தேன். அந்த ஃபைலை அழித்தார்களா என்று கேட்கவில்லை. ஒரு பெற்றோரிடமும் அனுமதி கேட்கவில்லை. வாத்தியார் கேட்டால் கொடுப்பார்கள் என்ற மமதை. பத்திரமாக இருக்கும் என்று நம்பியதன் கதி என்ன? மத்திய அரசின் தீக்‌ஷா செயலியில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயரும் போன் நம்பரும் பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்தது 2023 ஜனவரியில் செய்தியாக வந்ததே!

"மறைக்க ஒண்ணுமில்லாதவனுக்கு என்ன சார் பயம்?" என்றான் பையன். இதைச் சமவெளிக்காரர் சொல்லலாம், மலைக்காரன் சொல்லக் கூடாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. செம்மரம் வெட்டப் போனான் என்ற சந்தேகம் அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகளின் நிழல் மாதிரி கூடவே வருகிறது. கூலி வேலைக்குத் திருப்பதி பக்கம் போகிற ஒருவன் இந்தக் கடையில் டிக்கெட் போட்டால் அதுவும் படமாகிவிடும். நாளை அதை யார் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்? குற்றம் செய்தவன் மட்டும்தான் பயப்பட வேண்டும் என்று சொல்ல, சந்தேகம் எல்லார் மீதும் சமமாகவா விழுகிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. சொந்த லேப்டாப் வைத்திருப்பவனுக்கு மட்டும் என்று அதில் சொல்லவில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் பெறலாம் என்று அதில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்துவிட்டார்கள். அதுவரை நாம் வாய் மூடி இருக்க வேண்டுமா?

கடை, சேவை மையம் நடத்தும் தம்பிகளுக்கு மூன்று வேண்டுகோள். பொது ஜனம் உட்காரும் கம்ப்யூட்டரில் ரீகாலை ஆன் செய்யாதீர்கள். வேலை முடிந்ததும் டவுன்லோட் ஆன ஃபைலை அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். "உங்கள் விவரம் இங்கே சேமிக்கப்படாது" என்று தமிழில் ஒரு போர்டு மாட்டுங்கள். எழுதிக் கொடுக்க நான் தயார், காசு வேண்டாம்.

பொது ஜனத்துக்கு ஒன்றுதான்: "அழிச்சிட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். நான் கேட்காமல் வந்தவன். அதனால்தான் சொல்கிறேன்.

என் மாணவன் அன்றைக்கே ஆஃப் செய்துவிட்டு, எடுத்த படங்களையும் அழித்தான். "நீங்க சொன்னதுக்காகத்தான் சார்" என்றான். எனக்காக வேண்டாம்டா, உன் கடை வாசலில் வரிசையில் நிற்கிறாளே உன் பாட்டி வயசுக்காரி, அவளுக்காக.