வில்லைக் குறைத்து எண்ணாதீர்கள்!

மூங்கில் பிளாச்சை வளைத்துச் சணல் கயிறு கட்டி, விளக்குமாற்று ஈர்க்கை அம்பாக்கி எய்து பார்க்காதவர் உங்களில் உண்டா? இரண்டு நாளில் அந்த வில் முறிந்துவிடும். நீங்கள் அதைத் தூக்கி எறிந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் எறிந்தேன். எந்தப் பக்கம் பிளந்தது என்று பார்த்திருந்தால் ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும்.

ஓர் அழிப்பான் மேல் குறுக்குக் கோடுகள் வரைந்து, அதை வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கோடுகள் விலகும். மறு பக்கம் நெருங்கும். வில்லும் இப்படித்தான். அதன் வெளிப்புறமாகிய முதுகு இழுபடுகிறது. எய்பவரை நோக்கிய வயிறு நசுங்குகிறது. ஒரே மரத்துண்டு இவ்விரு வேலைகளையும் செய்தாக வேண்டும்.

இங்கிலாந்தின் நெடுவில் இதற்கு ஓர் அழகான விடை. யூ மரத்தின் வைரம் நசுக்கத்தைத் தாங்கும். அதையடுத்த வெளிர்நிறக் கட்டை இழுப்பைத் தாங்கும். இரண்டும் சேர்ந்திருக்கும்படி வெட்டி வில் செய்தார்கள். 1545-ல் மூழ்கி, 1982-ல் வெளியே எடுக்கப்பட்ட 'மேரி ரோஸ்' கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட நெடுவிற்கள் கிடைத்தன. பலவற்றை முழுதும் இழுக்க 45 கிலோ எடையைத் தூக்கும் வலிமை வேண்டும்!

இருந்தாலும், என்னைக் கேட்டால் முதல் மதிப்பெண்ணை ஆசியக் குதிரை வீரர்களின் கூட்டுவில்லுக்கே தருவேன். அதில் நடுவே மெல்லிய மரச்சட்டம். வயிற்றுப் பக்கம் கொம்புப் பட்டை. கொம்பு எளிதில் நசுங்காது. முதுகுப் பக்கம் விலங்கின் தசைநார். நார்நாராகப் பிரித்துப் பசையில் தோய்த்து ஒட்டியது. பசையோ தோலிலிருந்தும் மீனின் காற்றுப்பையிலிருந்தும் காய்ச்சியது. ஒட்டியபின் மாதக்கணக்கில் காய வேண்டும். நாணைக் கழற்றினால் இவ்வில் எதிர்ப்புறமாக வளைந்துகொள்ளும்; ஆகவே நாணேற்றிய அளவிலேயே அதில் ஆற்றல் சேர்ந்துவிடுகிறது. குட்டையான வில், ஆனால் பாய்ச்சல் பெரிது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துருக்கித் தூதரக அலுவலர் ஒருவர் இலண்டனில் 400 கெஜத்துக்கு மேல் அம்பெய்து, நெடுவில்லில் பெருமை கொண்டிருந்த ஆங்கிலேயரையே திகைக்க வைத்தார்.

உங்கள் பள்ளிக் கட்டடத்தின் உத்தரத்தை அண்ணாந்து பாருங்கள். கான்கிரீட் நசுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். எனவே இழுபடும் பக்கத்தில் எஃகுக் கம்பி வைக்கிறார்கள். இம்முறை வந்தது 19-ஆம் நூற்றாண்டில். வேலையைப் பிரித்து, ஏற்ற பொருளிடம் ஒப்படைக்கும் அதே உத்தியைக் கொண்ட கூட்டுவிற்கள், 1922-ல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் இருந்தன. அவற்றின் வயது சுமார் 3300 ஆண்டு! இதைப் 'பழங்கால மனிதனின் எளிய ஆயுதம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

"அவர்களுக்குச் சமன்பாடு தெரியாதே, அது எப்படி விஞ்ஞானமாகும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இழுவிசைக்கும் நீட்சிக்கும் உள்ள தொடர்பை ராபர்ட் ஹூக் விளக்கி வெளியிட்டது 1678-ல்தான். ஆனால் முறிந்த வில்லை ஆராய்வதும், பொருளை மாற்றிச் சோதிப்பதும், வென்றதை வைத்துக்கொள்வதும் விஞ்ஞானத்தின் சரிபாதி அல்லவா? அந்தப் பாதிக்குரிய மதிப்பெண்ணையாவது கொடுங்கள் என்கிறேன்.

கூட்டுவில்லுக்குக் குறையே இல்லையா? உண்டு. ஈரம் பட்டால் பசை இளகும். ஓயாமல் தூறும் இங்கிலாந்துக்கு மர வில்லே ஏற்றது. பின்னர் துப்பாக்கி வந்தது. வில்வீரனை உருவாக்கப் பல ஆண்டுகள், துப்பாக்கி வீரனுக்குச் சில வாரங்கள் போதும். போர்க்களத்தை விட்ட வில் விளையாட்டுத் திடலுக்கு வந்தது. 1969-ல் அமெரிக்கர் ஆலன் காப்புரிமை பெற்ற கப்பி வில்லில், முழுதும் இழுத்தபின் கைக்குப் பளு குறைந்துவிடும். ஒலிம்பிக் வீரர்களின் வில்லிலோ கார்பன் இழையும் கண்ணாடி இழையும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருக்கின்றன. கொம்பும் நாரும் போய்விட்டன. அடுக்கு மட்டும் போகவில்லை!

இந்த விடுமுறையில் ஒரே அளவில் இரண்டு பிளாச்சுகளைச் சீவிக்கொள்ளுங்கள். ஒன்றின் முதுகில் பருத்தித் துணிப் பட்டையைத் தச்சர் வஜ்ஜிரத்தால் ஒட்டி, ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு இரண்டையும் சிறிது சிறிதாக வளையுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. எது முதலில் முறிகிறது, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.