ரவா தோசையா, சாதா தோசையா?

காவிரிக்கரை ஊர்களில் அரிசிக்குப் பஞ்சமில்லை. இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம் எனத் திருச்சி ஹோட்டல்களின் காலை டிபனில் பாதிக்கு மேல் அரிசிதான். கோதுமை ஆகாத ஒருவர் இங்கே கவலையில்லாமல் சாப்பிடலாம் என்றுதான் தோன்றும். அது பாதி உண்மை. மீதிப் பாதி சமையலறைக்குள் இருக்கிறது.

சீலியாக் என்பது சாதாரண அஜீரணமோ அலர்ஜியோ அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து போகின்றன. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், மாத்திரை போட்டும் தீராத ரத்தசோகை, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு என அது பல முகங்களில் வரும். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்க குளூட்டனைத் தவிர்ப்பதுதான் மருந்து.

இதைக் கண்டறிந்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. 1944-45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது நோயாளிக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது.

நம் ஊரில் ஏன் தெரிவதில்லை?

2016-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று 23,331 பேரைப் பரிசோதித்தது. வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு சீலியாக்கைச் சுட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. தெற்கே 0.10 பேருக்குத்தான். ஆனால், இந்நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பகுதிகளிலும் சுமார் மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வித்தியாசம் தட்டில்தான்: ஒரு நாள் கோதுமை அங்கே சராசரி 455 கிராம், இங்கே 25 கிராம். இரவில் சப்பாத்தி, கடையில் பரோட்டா என்று நம் தட்டும் மாறி வருகிறது.

அரிதான நோய் என்பதால் சர்வருக்கும் தெரியாது, சொந்தக்காரர்களுக்கும் தெரியாது. "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடப் போவுது கண்ணு?" என்று அத்தை அன்போடு ஊட்டுவதுதான் ஆபத்து. தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் பாதிக்கும். அது ஒரு துணுக்கு பரோட்டாவில் இருக்கிற அளவு.

ஹோட்டலில் எங்கே ஒளிந்திருக்கிறது?

பரோட்டா, பூரி, சப்பாத்தி எல்லோருக்கும் தெரியும். ரவா தோசை, ரவா இட்லி, கிச்சடி, கேசரி, சேமியா பாயசம் எல்லாமே கோதுமைதான். ஃப்ரைடு ரைஸ் அரிசி என்றாலும், சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும் இருக்கின்றன.

சாம்பாரில் கவனிக்க வேண்டியது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பது வழக்கம். அரிசி மாவு கலந்ததும் உண்டு. பாக்கெட்டைப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது கல்லும் எண்ணெயும். ரவா தோசை வார்த்த கல்லில் சாதா தோசை ஊற்றினாலும், பூரி பொரித்த எண்ணெயில் உளுந்து வடை போட்டாலும் குளூட்டன் ஒட்டிக்கொள்ளும்.

எப்படிக் கேட்பது?

'குளூட்டன்' என்று சொன்னால் புரியாது. "அண்ணே, கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் உடம்புக்கு ஆகாது. டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார். கல்லை நல்லாக் கழுவிட்டு ஒரு சாதா தோசை ஊத்தித் தர முடியுமா?" என்று கேட்டால் விஷயம் புரியும். கூட்டமில்லாத நேரத்தில் போவது நல்லது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்து ஹோட்டல்காரருக்குக் கல்லைக் கழுவ நேரம் இருக்காது. அன்றைக்கு வீட்டிலிருந்து கட்டுச்சாதம் கொண்டுபோவதே உத்தமம்.

ஆவியில் வெந்த இட்லி, தயிர், வாழைப்பழம் ஓரளவு பாதுகாப்பானவை. இட்லி மாவில் ரவை சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். அரிசி இடியாப்பமா, கோதுமை இடியாப்பமா என்பதையும்தான்.

ஸ்ரீரங்கத்தில் அரங்கனுக்கே துலுக்க நாச்சியார் நினைவாக ரொட்டி நைவேத்தியம் உண்டு. அப்படிப்பட்ட பிரசாதம் கைக்கு வந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். அதில் குறை ஒன்றுமில்லை.

சந்தேகம் இருந்தால்

தானாகக் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திய பிறகு ரத்தப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். முதலில் குடல்நோய் மருத்துவர், டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி. உறுதியானால், உடன்பிறந்தவர்களையும் பரிசோதிப்பது அவசியம். பாக்கெட் உணவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி.

வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிட்டும் தேறவில்லை என்றால், 'உடம்பு வாகு' என்று விட்டுவிடாமல் ஒருமுறை மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். சரியான சாப்பாடு கிடைத்தால் அந்தக் குடல் ஆறும், பிள்ளையும் வளரும்.