எப்பதிப்பின்படி வழு?

பழைய நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி வைப்பார்க்கு 'எக்ஸ்.எம்.எல்.' என்னும் குறியீட்டு மொழி இந்நாளில் பெருந்துணையாக உள்ளது. செய்யுள் இது, உரை இது, பாடவேறுபாடு இது என்று குறிச்சொற்களால் பிரித்துக் காட்டுவது அம்மொழியின் பணி. அவ்வாறமைந்த கோப்பைப் படித்து, அது விதிக்கு ஒத்ததா அன்றா என்று கூறும் மென்பொருளைப் 'பார்சர்', அதாவது பகுப்பி, என்பர். பகுப்பிகளோ பல. அவற்றுள் விதிக்கு மிக இணங்கி நடப்பது யாதென ஒப்பிடுவோருட் சிலர், சோதனைத் தொகுப்பொன்றைக் கொண்டு ஆராய்ந்து, இத்தனை தேறின, இத்தனை தவறின என்று எண்ணிக்கை கூறி அமைந்துவிடுகின்றனர். அவ்வெண்ணிக்கை மட்டும் போதாதென்பது என் கருத்து.

நல்ல கோப்பை ஏற்பது போலவே, தீய கோப்பைத் தள்ளுவதும் பகுப்பியின் கடமையன்றோ? 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் வெளிவந்த விதிநூல், அமைப்பில் வழு கண்டவிடத்து அதனை அறிவித்தல் வேண்டும், அதன்மேல் வழக்கம்போல் படித்துச் செல்லலாகாது என்று கண்டிப்பாய் விதிக்கின்றது. மூடப்படாத குறிச்சொல்லை இரு பகுப்பிகள் தத்தமக்குத் தோன்றியவாறு மூடிக்கொள்ளுமாயின், ஒரு கோப்பிலிருந்து இரு வேறு நூல்கள் பிறக்கும். இரக்கம்போல் தோன்றும் இது ஆசிரியனுக்குச் செய்யும் தீங்கேயாம். எதனையும் ஏற்கும் பகுப்பி நல்ல கோப்புக்கள் நூற்றையும் ஏற்றதென்றால் அதில் வியப்பென்ன?

நிற்க. இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. விதிநூலின் முதல் நான்கு பதிப்புக்கள், குறிச்சொற்பெயரில் வரத்தக்க எழுத்துக்களை யூனிகோடு 2.0 அட்டவணையை ஒட்டிப் பட்டியலிட்டன. தமிழ்ப்பகுதியில் 'வ' உண்டு, 'ஷ' உண்டு, இடையில் நிற்கவேண்டிய 'ஶ' இல்லை. அவ்வெழுத்து யூனிகோட்டிற் சேர்ந்ததே 2005-இல்தான். 2008-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு அப்பட்டியலை நீக்கி வாயிலை அகலத் திறந்தது. ஆகவே 'ஶ்லோகம்' என்று குறிச்சொல் இடுவோமாயின், ஐந்தாம் பதிப்பைத் தழுவிய 'லிப்எக்ஸ்எம்எல்2' அதனை ஏற்கும். ஜேம்ஸ் கிளார்க் 1997-இல் தொடங்கிய 'எக்ஸ்பாட்', நான்காம் பதிப்பைப் பின்பற்றுவதாகத் தானே அறிவித்திருத்தலின், தள்ளிவிடும். (குறிச்சொல்லின் பெயரில் அன்றி உள்ளுரையில் அவ்வெழுத்து வரின் இரண்டும் தடை சொல்லா.) இவற்றுள் தவறியது எது?

தமிழ் பயில்வார்க்கு இவ்வினா புதிதன்று. சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்றுயிரோடு கூடி மொழிக்கு முதலாகாதென்பது தொல்காப்பியம். பன்னீருயிரோடும் முதலாமென்பது நன்னூல். 'சட்டி' என்று எழுதிய மாணவனைத் தொல்காப்பியம் கொண்டு தண்டிப்பார் எவருமிலர். ஆயினும் அங்கே நூற்பெயர் வேறு, ஆசிரியர் வேறு, ஐயம் எழாது. இங்கோ பதிப்பு மாறியும் '1.0' என்னும் எண் மாறவில்லை. கோப்பின் தலைவரியைக் கண்டு அது எப்பதிப்பிற்கு உரியதென்று அறிதல் இயலாது. தனி எண்ணோடு 2004-இல் வெளியிடப்பெற்ற 1.1-ஐக் கைக்கொண்டார் மிகச் சிலரே. அதன் பின்னரே பழைய எண்ணின்கீழ் இம்மாற்றம் புகுந்தது. வாழும் மொழிகளின் எழுத்துக்களை ஒருநாட் கணக்கெடுப்பால் என்றைக்கும் அடைத்துவைத்தல் தகாது. ஆதலின் ஐந்தாம் பதிப்பின் நோக்கத்தை யான் குறைகூறேன். எண்ணை மாற்றாது விட்டதையே குறைகூறுவேன்.

எனவே, ஒப்பிடுவோர் பகுப்பி தழுவும் பதிப்பை முதற்கண் கூறுக; பின்னர்த் தவறிய சோதனைகளைப் பெயர் சுட்டி வெளியிடுக. சோதனைத் தொகுப்பிலேயே, பதிப்புக்குப் பதிப்பு முடிபு மாறும் சோதனைகள், எப்பதிப்பிற்கு உரியன என்னும் குறிப்போடு உள்ளன. அதனைக் காணாது எண்ணுவார்க்குச் சாக்கு இல்லை. தமிழ்க் கோப்பு அமைப்போர் இப்போதைக்கு அக்குறிச்சொல்லைச் 'சுலோகம்' என்றே எழுதுதல் நலம். அதனை இரு பகுப்பிகளும் ஏற்கும்.