நூறு வயதில் ஒரு சைக்கிள் சீசன்

டிராக் பந்தய சைக்கிளில் பிரேக் கிடையாது. கியர் மாற்றவும் முடியாது. பின்சக்கரமும் பெடலும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது போல இருக்கும். சக்கரம் சுற்றும்வரை கால்களும் சுற்றியாக வேண்டும். 'கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்' என்று காலை நிறுத்தினால், சைக்கிளே காலைப் பிடித்து இழுத்துச் சுற்றிவிடும். ஓடும் தளமும் சமதரை இல்லை. வளைவுகளில் பலகைத் தரை சுவர் போலச் சாய்ந்து நிற்கும். வேகம் ரொம்பக் குறைந்தால் டயர் வழுக்கும்.

இருபது வயதுப் பிள்ளைகளே முதல் நாள் பயந்து பயந்து ஏறுகிற இந்த சைக்கிளில் ஒருவர் தன் நூறாவது வயதில் ஏறினார். சும்மா ஒரு சுற்று வந்து போட்டோ எடுத்துக்கொள்வதற்காக அல்ல, ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டுவதற்காக.

பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ரொபேர் மர்ஷான்தான் அவர். 1911 நவம்பர் 26-ல் அமியான் நகரில் பிறந்தவர். உயரம் ஐந்து அடி, எடை 50 கிலோவை ஒட்டி. சிறு வயதில் சைக்கிள் பந்தயத்தில் இறங்க ஆசைப்பட்டபோது, 'இந்த உடம்பை வைத்துக்கொண்டு நீ ஒன்றும் சாதிக்க முடியாது' என்கிற பொருளில் ஒரு பயிற்சியாளர் சொல்லி அனுப்பிவிட்டாராம். பையன் அதை நம்பிவிட்டான். பாவம், நம்பாமல் என்ன செய்வான்?

அதன் பிறகு வாழ்க்கை எங்கெங்கோ இழுத்துப்போனது. பாரிஸில் தீயணைப்பு வீரர், வெனிசுலாவில் லாரி ஓட்டுநர், கனடாவில் மரம் வெட்டும் தொழிலாளி. பிரான்ஸ் திரும்பிய பின் தோட்ட வேலை, ஒயின் வியாபாரம். மீண்டும் சைக்கிளில் தீவிரமாக ஏறியபோது வயது 67-ஐத் தாண்டியிருந்தது. நம்மில் பலர் சைக்கிளைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, மாடிப்படி ஏறுவதற்கே யோசிக்கிற வயது. அவரோ போர்தோவிலிருந்து பாரிஸுக்கு ஓட்டினார். 80 வயதுக்கு மேல் பாரிஸிலிருந்து மாஸ்கோவரை போய்வந்த கதையும் உண்டு.

ஆனால் அவர் பெயர் உலகத்துக்குத் தெரியவந்தது 2012-ல்தான்.

சைக்கிள் உலகில் 'ஒரு மணி நேர சாதனை' என்பது பழைய, மரியாதையான போட்டி. டிராக்கில் தனியாக இறங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பது மட்டும்தான் கணக்கு. முன்னால் துரத்த ஆள் இல்லை, பின்னால் மறைந்துகொள்ள முதுகு இல்லை. பின்னாளில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்ச் 1893-ல் பாரிஸில் ஓட்டிய தூரம் 35.325 கிலோமீட்டர். பிரிட்டனின் பிராட்லி விக்கின்ஸ் 2015-ல் லண்டனில் ஓட்டியது 54.526 கிலோமீட்டர்.

2012 பிப்ரவரி 17. சுவிட்சர்லாந்தின் ஏக்ல் நகரில், சர்வதேச சைக்கிள் சங்கத்தின் 200 மீட்டர் டிராக். மர்ஷானுக்காகவே 'நூறு வயதுக்கு மேற்பட்டோர்' என்று ஒரு பிரிவு தொடங்கப்பட்டிருந்தது. அவர் ஒரு மணி நேரத்தில் ஓட்டியது 24.251 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 121 சுற்றுகள்.

'யாருமே இல்லாத பிரிவில் ஓடி முதலிடம் வாங்குவது என்ன சாதனை?' என்று கேட்கத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் அதே ஆண்டு செப்டம்பரில் லியோன் நகரில் கிடைத்தது. இந்த முறை நேரத்துக்குப் பதில் தூரம்: நூறு கிலோமீட்டர். மர்ஷான் அதை முடிக்க எடுத்துக்கொண்டது 4 மணி 17 நிமிடம் 27 விநாடி. அதாவது சராசரியாக மணிக்கு 23 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டியபோது மணிக்கு 24 சொச்சம். செப்டம்பரில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டியபோது மணிக்கு 23 சொச்சம். நான்கு மடங்கு நேரம் ஓட்டியும் வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை. அப்படியென்றால் பிப்ரவரியில் அவர் தன் முழு பலத்தையும் காட்டவில்லை என்றுதானே அர்த்தம்? பெட்டிக்குள் இன்னும் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது.

அது எவ்வளவு என்று அளந்து பார்க்கத் துணிந்தவர், எவ்ரி பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சி உடலியல் ஆய்வாளர் வெரோனிக் பில்லா. முதல் சாதனைக்கு முன்பு ஒரு தடவை, இரண்டாவது முயற்சிக்கு முன்பு ஒரு தடவை என மர்ஷானை ஆய்வக சைக்கிளில் ஏற்றிப் பரிசோதித்தார்கள். இடையில் இரண்டு ஆண்டுப் பயிற்சி. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர்.

பயிற்சி முறைதான் இதில் சுவாரஸ்யம். அந்த 5,000 கிலோமீட்டரில் 80 சதவிகிதம் இலேசான ஓட்டம். பேசிக்கொண்டே ஓட்டலாம் என்கிற அளவு. மீதி 20 சதவிகிதம் கஷ்டமான ஓட்டம். பேச்சு தடைபட்டு மூச்சு வாங்கும் அளவு. நடுத்தரமாக, தினமும் ஒரே மாதிரி ஓட்டிக் களைத்துப்போவது கிடையாது. இளம் வீரர்கள் பின்பற்றுகிற அதே முறையை நூறு வயதுக்காரருக்குப் பொருத்தினார்கள். 'பெரியவர், பார்த்து மெதுவா' என்று எல்லாவற்றையும் இலேசாகவே வைத்துவிடவில்லை. அந்த 20 சதவிகிதத்தை எடுத்துவிட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கக்கூடும்.

இரண்டு ஆண்டுகளில் என்ன மாறியது? உடல் எடை மாறவில்லை. தசையின் அளவும் கூடவில்லை. இதயத்தின் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 134-லிருந்து 137, அதாவது கிட்டத்தட்ட அப்படியே. ஆனால் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35 ஆக ஏறியது. 13 சதவிகித உயர்வு. வயது ஏற ஏற எல்லோருக்கும் இறங்கிக்கொண்டே போகிற எண் அது. பெடலில் அவரால் காட்ட முடிந்த உச்ச சக்தி 90 வாட்டிலிருந்து 125 வாட்டுக்குப் போனது. இதில் பெரும்பங்கு, கால்கள் வேகமாகச் சுற்றக் கற்றுக்கொண்டதால் வந்தது. உச்சத்தில் நிமிடத்துக்கு 69 சுற்றுகள் என்று இருந்தது 90 ஆகியிருந்தது. நுரையீரல் உள்ளிழுத்து வெளிவிடும் காற்றின் அளவும் கூடியிருந்தது.

கியர் இல்லாத சைக்கிள் என்று முதலில் சொன்னது இங்கேதான் முக்கியமாகிறது. சாலை சைக்கிளில் வேகம் வேண்டுமென்றால் பெரிய கியருக்கு மாறி, மெதுவாக ஆனால் பலமாக மிதிக்கலாம். டிராக் சைக்கிளில் அந்த வசதி இல்லை. ஒரே பல்சக்கரம். வேகம் கூட வேண்டுமென்றால் கால் வேகமாகச் சுற்ற வேண்டும், வேறு குறுக்குவழியே இல்லை. மர்ஷானின் தசை பெருக்கவில்லை, இதயம் வேகமாகத் துடிக்கவில்லை. கால் சுறுசுறுப்பானது, மூச்சு ஆழமானது. அது போதுமானதாக இருந்தது.

2014 ஜனவரி 31 அன்று, பாரிஸ் அருகே சான் கென்டான் தேசிய வெலோட்ரோமில் அவர் இறங்கினார். வயது 102. ஒரு மணி நேரம் முடிந்தபோது தூரம் 26.927 கிலோமீட்டர். இரண்டு வயது கூடியிருந்தது, தூரமோ 2.676 கிலோமீட்டர் கூடியிருந்தது. எதிராளி இல்லாத பிரிவு என்று சொன்னோம் அல்லவா? எதிராளி இருந்தார். நூறு வயது மர்ஷான்தான் அந்த எதிராளி. அவரைத்தான் 102 வயது மர்ஷான் தோற்கடித்தார்.

இதை வைத்து 'யார் வேண்டுமானாலும் இப்படி ஆகலாம்' என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட வேண்டாம். இது ஒரே ஒரு மனிதரைப் பற்றிய ஆய்வு. பிறவியிலேயே வலுவான உடல்வாகு, பெரிய நோய்கள் இல்லாத அதிர்ஷ்டம், முப்பது ஆண்டுகளுக்கும் மேலான சைக்கிள் பழக்கம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. புகை கிடையாது, மது மிகக் குறைவு, காய்கறியும் பழமும் நிறைய, இரவு ஒன்பது மணிக்குப் படுக்கை என்று கட்டுப்பாடான மனிதர். பாரிஸுக்கு வெளியே மித்ரி-மொரியில் ஒரு சிறிய ஃபிளாட்டில் எளிமையாக வாழ்ந்தவர். அறுபதில் புதிதாகத் தொடங்குகிறவர் கஷ்டமான அந்த 20 சதவிகிதத்துக்கு முன் இதய மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த முயற்சி 2017 ஜனவரி 4. அதே வெலோட்ரோம், வயது 105. மறுபடி அவருக்காகவே ஒரு புதிய பிரிவு, '105 வயதுக்கு மேற்பட்டோர்'. நூற்றுக்கணக்கானோர் எழுந்து நின்று கைதட்ட, தொண்ணூறு சுற்றுகளுக்கு மேல் ஓட்டி 22.547 கிலோமீட்டரில் முடித்தார். உலகம் முழுவதும் செய்தி வந்தது. புதிய உலக சாதனை என்றே எல்லோரும் எழுதினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரே ஓட்டியதைவிட இது 4 கிலோமீட்டருக்கும் மேல் குறைவு என்பதைப் பலர் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். தான் சாம்பியனாக வரவில்லை, 105 வயதிலும் சைக்கிள் ஓட்ட முடியும் என்று காட்டத்தான் வந்ததாக அன்று சொன்னார்.

ஆனாலும் பந்தயக்காரரின் புத்தி போகுமா? கடைசிப் பத்து நிமிடம் இருக்கிறது என்று காட்டும் பலகையை அவர் கவனிக்கவில்லையாம். பார்த்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பேன் என்று இறங்கியதும் குறைபட்டுக்கொண்டார். கூடவே இன்னொரு விவகாரம். விலங்குகள் படும் கொடுமையைப் பற்றிய செய்திகளைப் பார்த்து மனம் நொந்து, அந்த ஒரு மாதமாக இறைச்சியை விட்டுவிட்டாராம். அது பெரிய தவறு, இல்லாவிட்டால் வேகம் கூடியிருக்கும் என்று பில்லா செய்தியாளர்களிடம் வருத்தப்பட்டார். சைவக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், வருத்தப்பட்டது அவர்தான்! 105 வயதில் ஒருவர் தன் மனசாட்சிக்காக உணவை மாற்றிக்கொள்கிறார் என்பது அந்த 22 கிலோமீட்டருக்குச் சற்றும் குறைந்த செய்தி அல்ல.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், 106 வயதில், போட்டி வேண்டாம் என்ற மருத்துவ ஆலோசனைக்கு அவர் தலையசைத்தார். அதை ஏற்றுக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. சைக்கிளை மட்டும் முழுதாக விடவில்லை. வீட்டுக்குள் நிறுத்திவைத்த உடற்பயிற்சி சைக்கிளில் பெடலை மிதித்துக்கொண்டுதான் இருந்தார். 2021 மே மாதம், 109-வது வயதில் காலமானார். பிரான்ஸின் ஆர்தேஷ் மலைப்பகுதியில் ஒரு கணவாய்க்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவருடைய நூறாவது பிறந்தநாளை ஒட்டி வைத்த பெயர். அந்த மலைச்சாலையிலும் அவர் சைக்கிளில்தான் ஏறியிருந்தார்.