கொட்டாங்கச்சியில் ஒரு மெழுகுதிரித் தாங்கி

ஆண்டுதோறும் பிப்ரவரி 2ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவில் மந்திரிக்கப்பட்ட மெழுகுதிரிகளை நாம் பக்தியோடு இல்லம் கொண்டுவருகிறோம். மாலைச் செபத்தின்போது அவற்றை எதன்மீது நிறுத்துகிறோம்? கவிழ்த்த டம்ளரின்மீது மெழுகை உருக்கி ஒட்டுகிறோம்! குழந்தையின் கை பட்டாலே திரி சாய்ந்துவிடும். வீணென எறியும் கொட்டாங்கச்சியைக் கொண்டு அழகும் உறுதியும் வாய்ந்த தாங்கியை நாமே செய்துகொள்ளலாம்.

கண்ணில்லாத மூடியைத் தேர்ந்து, நாரைச் சுரண்டி, முதலில் முரட்டு உப்புத்தாளாலும் பின்னர் நயமான தாளாலும் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் பூசினால் கருங்காலிபோல் மின்னும். மற்றொரு மூடியிலிருந்து 2 செ.மீ. உயர வளையம் அறுத்து அடியில் ஒட்டினால் ஆடாமல் நிற்கும்.

கொட்டாங்கச்சி நன்றாக எரியக்கூடியது என்பதை மறவாதிருப்போம். ஆகவே உட்புறத்தை விளிம்புவரை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து நிரப்ப வேண்டும். அது இறுகுமுன், திரியின் பருமனுள்ள குச்சியில் எண்ணெய் தடவி நடுவே ஊன்றி, இறுகியதும் திருகி எடுத்தால் குழி அமையும். ஈரம் இருக்கும்போதே சுற்றிலும் சிறு சிப்பிகளைப் பதிக்கலாம். காகிதப் பூவும் பஞ்சும் ஜிகினாவும் சுடரருகே வேண்டா.

திரைச்சீலைக்கும் சுடருக்கும் 30 செ.மீ. இடைவெளியேனும் இருக்கட்டும். திரி 5 செ.மீ. அளவிற்குக் குறைந்ததும் அணைத்துவிடுவோம்.

தேய்த்து மெருகிடும் வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைப்போம். தம் கைப்பட உருவான தாங்கியில் ஒளி ஏற்றப்படும்போது, செபத்திற்கு அவர்களை இருமுறை அழைக்க வேண்டியிராது.