எல்லாம் ‘பூச்சி’ இல்லை

கோழிக்குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் தூங்கி விழுந்தால், நம் ஊர்ப் பக்கம் முதலில் கேட்கிற பேச்சு, “வயித்துல பூச்சி இருக்கும், பூச்சி மருந்து ஊத்து” என்பதுதான். ஓய்வுக்குப் பிறகு கொல்லையில் இருபது முப்பது நாட்டுக்கோழிகளோடு பொழுதைக் கழிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘பூச்சி’ என்கிற அந்த ஒரு வார்த்தையே நிறையக் குஞ்சுகளைச் சாகடிக்கிறது.

மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகள் சோர்ந்து, இறக்கை தொங்கி, கழிச்சலாகி, சில சமயம் எச்சத்தில் ரத்தமும் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தக் கழிச்சல் நோயை. இதை உண்டாக்குவது காக்ஸிடியா என்கிற ஒட்டுண்ணி. புழு அல்ல, கண்ணுக்கே தெரியாத ஒற்றைச் செல் உயிரி. குடல் சுவருக்குள் புகுந்து பெருகி, அதைச் சிதைத்துவிடும். நாம் வாங்கி வந்து ஊற்றுகிற குடற்புழு மருந்து புழுவைக் கொல்லும். இதை ஒன்றும் செய்யாது. மருந்து கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் நாம் இருக்கும் இரண்டு நாளில் பாதிக் குஞ்சு போய்விடும்.

இதற்கென்று உள்ள மருந்துகளில் ஒன்று ஆம்ப்ரோலியம். குடிதண்ணீரில் கலந்து கொடுப்பது. நோயுற்ற குஞ்சு தீனியை விட்டுவிட்டாலும் தண்ணீர் குடிக்கும் என்பதால் இது வசதி. கால்நடை மருத்துவர் சொல்கிற அளவில், தினமும் புதிதாகக் கலந்து, அதைத் தவிர வேறு தண்ணீர் வைக்காமல் கொடுக்க வேண்டும். எழுந்து குடிக்க முடியாத குஞ்சுக்கு அலகு ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே, அந்த ஒட்டுண்ணிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் தடுத்துத்தான். “குஞ்சு பலவீனமா இருக்கே” என்று பி காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் கூடவே ஊற்றினால், ஒரு கையால் பூட்டி மறு கையால் திறப்பது மாதிரி. டானிக்கை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள்.

இன்னொரு பழக்கம், எதற்கும் இருக்கட்டும் என்று மருந்துக் கடையில் ஏதாவது ஆன்டிபயாடிக் வாங்கி ஊற்றுவது. அது பாக்டீரியாவுக்கான மருந்து; காக்ஸிடியாவைக் கொல்லாது. இப்படிக் கண்டபடி கொடுத்துக் கிருமிகளுக்கு மருந்தைப் பழக்கிவிட்டால், நாளை நமக்கு ஒரு நோய் வரும்போது அதே மருந்து கைவிடும். மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கிற கொலிஸ்டின் மருந்தைக் கோழி, கால்நடைகளுக்குத் தரக் கூடாது என்று 2019-ல் மத்திய அரசு தடை போட்டது இந்தக் காரணத்தால்தான்.

சந்தேகம் தவறாகவும் இருக்கலாம். கழுத்து முறுக்கிக்கொண்டு, மூச்சுத் திணறி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் அது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். அது வைரஸ் நோய்; வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை, முன்கூட்டித் தடுப்பூசிதான் வழி. வெறும் குளிரில் ஒடுங்கிய குஞ்சும் இதே மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆகவே கொஞ்சம் புது எச்சத்தையும், செத்த குஞ்சு இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தும், குடலை அறுத்துப் பார்த்தும் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஞாயிறு, விடுமுறை என்று உடனே போக முடியாவிட்டால் தொலைபேசியிலாவது மருத்துவரைக் கேட்டு ஆம்ப்ரோலியத்தைத் தொடங்கிவிடுங்கள். ரத்தம் தெரிந்த பிறகு இரண்டு நாள் காத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

மருந்தைவிட முக்கியம் தரை. நோயுள்ள குஞ்சின் எச்சத்தில் காக்ஸிடியாவின் முட்டைகள் ஏராளமாக வெளியேறும். ஈரமும் கதகதப்பும் இருந்தால் ஓரிரு நாளில் அவை நோய் பரப்பத் தயாராகிவிடும். வழக்கமாகத் தெளிக்கிற கிருமிநாசினிக்கு அவ்வளவாக மசியாது. காய்ச்சல்தான் அவற்றுக்கு எதிரி. கீழே பரப்பிய உமியை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் அன்றே மாற்றுங்கள். தண்ணீர்த் தட்டைச் சிந்தாதபடி கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். பஞ்சாரத்தை ஒரே இடத்தில் கவிழ்க்காமல் இடம் மாற்றி, வெயில் பட்ட தரையில் வையுங்கள். சோர்ந்ததைத் தனியே பிரித்து, ஒரு பல்பு வெளிச்சத்தில் கதகதப்பாக வைக்க மறக்க வேண்டாம்.

ஒரு அடைக்குப் பத்துப் பன்னிரண்டு குஞ்சு. நமக்கு அது பொழுதுபோக்கு. எங்கள் தெருவில் நாலு கோழி வளர்க்கிற பெண்களுக்கோ அது பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு. அடுத்த முறை யாராவது “பூச்சி மருந்து ஊத்து” என்றால், எந்தப் பூச்சிக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.