எஃப்ஐ வண்டின்னா அப்படித்தானாம்!

முதல்லயே சொல்லிடறேன், நான் படிக்கிறது பி.காம். "உனக்கெதுக்குலே இஞ்சின் பேச்சு?"ன்னு கேக்கப் போற வகுப்புத் தோழர்களுக்கான பதில் கீழே இருக்கு. பொறுமையா வாசிங்க மக்கா.

பிரச்சினை நமக்கெல்லாம் பழக்கமானதுதான். முதல் கியர், ரெண்டாவது கியர்ல மெதுவாப் போகும்போது ஆக்சிலேட்டரை விட்டுட்டு மறுபடி லேசா முறுக்கினா வண்டி வெட்டி வெட்டிப் போகுது. பின்னாடி ஆச்சி உக்காந்திருந்தா நமக்குத்தான் திட்டு. சர்வீஸ்ல கேட்டா ரெடிமேட் பதில் ஒண்ணு வச்சிருக்காங்க: "எஃப்ஐ வண்டின்னா அப்படித்தான் தம்பி இருக்கும்."

அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆக்சிலேட்டரை முழுசா விட்டதும் இசியு இன்ஜெக்டருக்குப் பெட்ரோலை நிறுத்திடும். மைலேஜுக்கும் புகை குறையறதுக்கும் அது தேவைதான். மறுபடி முறுக்கும்போது பெட்ரோல் திரும்ப வர்ற அந்த நொடியில ஒரு உதறல். இதுல கொஞ்சம் எஃப்ஐயோட சுபாவம், ஒத்துக்கறேன். ஆனா ஆக்சிலேட்டர் கேபிள்ல அளவுக்கு மேல ப்ளே, தொங்குற செயின், கரி பிடிச்ச த்ராட்டில் பாடி, அடைச்ச ஏர் ஃபில்டர், இதெல்லாம் சேரும்போதுதான் சின்ன உதறல் பெரிய வெட்டா மாறுது. எல்லாமே வண்டியோட கையேட்டுல இருக்கிற அளவுக்குச் சரி பண்ணக்கூடிய வேலை. நம்ம ஊர் மெக்கானிக் அண்ணாச்சி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிருவாரு.

அவர் மாட்டிக்கிறது அடுத்த கட்டத்துல. சில வண்டிகள்ல த்ராட்டில் பாடியைச் சுத்தம் பண்ணினா, "மூடியிருக்கிற நிலை இதுதான்"னு இசியுவுக்கு மறுபடி கத்துக்கொடுக்கணும். சென்சார் தப்பா வாசிக்குதான்னு பாக்க ஸ்கேனர் வேணும். கார்புரேட்டர் காலத்துல ஒரு திருப்புளியால ஐட்லிங்கையும் ஏர் ஸ்க்ரூவையும் திருகி, காதால கேட்டே டியூன் பண்ணின மனுஷன், இப்போ கம்பெனி கொடுக்காத ஒரு ஒயருக்காகக் கையைக் கட்டி நிக்காரு. வெளியே விக்கிற ஸ்கேனரை வாங்கினாலும் புது மாடல் வர வர அப்டேட்டுக்குக் காசு கட்டணும்.

எஃப்ஐ நேத்து வந்ததில்ல. ஹீரோ ஹோண்டா கிளாமர்ல 2006லயே வந்தது. 2007ல எஃப்ஐயோட வந்த பல்சர் 220, 2009ல கார்புரேட்டருக்கே திரும்பிப் போச்சு! அப்போ வேணும்னா வாங்கலாம், வேண்டாம்னா விடலாம். 2020 ஏப்ரல் 1ல பிஎஸ்6 வந்ததும் அந்தத் தேர்வு பெரும்பாலும் போயிடுச்சு. புது வண்டி வாங்கினா அநேகமா எஃப்ஐதான். வண்டி மாறின வேகத்துக்குத் தகவல் மெக்கானிக் கைக்கு வரல.

இப்போ பி.காம் பதில். போட்டிச் சட்டம் 2002ன்னு பரீட்சைக்கு மனப்பாடம் பண்றோமே, அதோட நேரடி உதாரணம் இதுதான். 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டது. குற்றம் என்ன? உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாம பண்ணினது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது வேற கதை. கேள்வி என்னன்னா, கார்க்காரனுக்குப் பேசின நியாயம் பைக்காரனுக்குப் பொருந்தாதா? 2022ல மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'ன்னு குழு போட்டு இணையதளமும் திறந்தது. அந்தப் பட்டியல்ல வாகனமும் உண்டு. சந்தோஷம். ஆனா இணையதளம் த்ராட்டில் பாடியை ரீசெட் பண்ணாதே!

"இசியுவைத் திறந்துவிட்டா ஆளாளுக்கு மாத்தி புகையைக் கூட்டிடுவாங்க"ன்னு கம்பெனி பக்கம் ஒரு வாதம் வரும். பாதி நியாயம். ஓ2 சென்சாரைக் கழட்டிட்டு ஒரு டப்பாவை மாட்டி "ரீமேப் பண்ணிட்டோம், பறக்கும்"னு காசு பிடுங்குற கூட்டம் இருக்கத்தான் செய்யுது. அது டியூனிங் இல்ல, ஏமாத்து வேலை. ஆனா கோளாறை வாசிக்கிறது வேற, பெட்ரோல் கணக்கை மாத்தி எழுதறது வேற. ரெண்டாவதைப் பூட்டி வைங்க, யார் வேண்டாம்னா? முதலாவதுக்கு எதுக்குப் பூட்டு? இன்னொண்ணும் யோசிங்க. முறையான வழியை அடைச்சா, வெட்டுற வண்டியோட நிக்கிறவன் கடைசியில அந்த டப்பாக்காரன்கிட்டதான் போவான்.

ஷோரூம் போக வேண்டியதுதானேன்னு சுலபமாச் சொல்லிடலாம். எங்க நாங்குநேரிலேருந்து திருநெல்வேலி சுமார் 30 கிலோமீட்டர். எல்லாக் கம்பெனிக்கும் பக்கத்துல சர்வீஸ் கிடையாது. பத்து நிமிஷ ரீசெட்டுக்காக ஒரு கொத்தனாரு ஒருநாள் கூலியை விடணுமா? முப்பது வருஷம் கை கறுக்க உழைச்ச அண்ணாச்சி பஞ்சர் மட்டும் ஒட்டணுமா?

கேக்கிறது இவ்வளவுதான். சர்வீஸ் கையேடும் ரீசெட் முறையும் தமிழ்ல, நியாயமான விலைக்கு. கோளாறை வாசிக்கிற ஸ்கேனர் எந்த மெக்கானிக்கும் வாங்கற மாதிரி. ஐடிஐகள்ல வேலை செய்யுற மெக்கானிக்குகளுக்கு எஃப்ஐ பத்தி சாயங்கால வகுப்பு.

அடுத்த தடவை யாராவது "எஃப்ஐன்னா அப்படித்தான்"னு சொன்னா தலையாட்டிட்டு வராதீங்க. கேபிள் ப்ளே எவ்வளவு, செயின் அளவு எவ்வளவு, கோளாறு கோடு என்ன காட்டுதுன்னு மூணு கேள்வி கேளுங்க. பதிலை பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. காசு நம்மது, வண்டியும் நம்மதுதானே?